கம்பி பூட்டிய சத்தம்

ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து இறந்த பெண்ணின் அம்மா, எட்டாம் நாள் பூங்காவுக்கு வந்து, மகள் உட்கார்ந்திருந்த அதே இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வண்டி கிளம்புமுன் ஒவ்வொருவர் மடிமேலும் இரும்புக் கம்பியை இறக்கிப் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்ப்பதுதான் தனராசுவின் வேலை.

“எம் பொண்ணுக்குச் செஞ்ச மாதிரியே செய்யி, தம்பி.”

இறக்கினான். டக்கென்று பூட்டிக்கொண்டது. இரண்டு முறை இழுத்தான்.

“அன்னைக்கும் இந்தச் சத்தம் கேட்டுச்சா?”

கேட்டது. கேட்டதா? ஆறு வருடத்துச் சத்தங்கள் மொத்தமும் அவன் காதுக்குள் கிடந்தன. அந்த ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க முடியவில்லை. போலீஸிடம் ‘சத்தம் கேட்டது’ என்றும், மேனேஜரிடம் ‘தெரியவில்லை’ என்றும் சொல்லியிருந்தான். சொன்னபோது இரண்டுமே உண்மையாகத்தான் இருந்தன.

அந்த அம்மாவை மட்டும் உள்ளே விட்டுப் பூட்டிய கேட்டுக்கு வெளியே, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரே கூட்டம்.

“அவன் பூட்டவே இல்லம்மா! போன் பேசிக்கிட்டு நின்னான்!”

“பூட்டுனாருங்க. பொண்ணுதான் செல்ஃபி எடுக்க எந்திரிச்சுது!”

கத்தியவர்களில் ஒருவர்கூட அன்று அங்கே இல்லை. ஆனால் ஒருவர் குரலிலும் துளி சந்தேகமில்லை. அந்த அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனராசு கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு, கேட்டுப் பக்கம் திரும்பினான்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நான் பூட்டுனேனா?”