பீவர் சாட்சி

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். நம்பாதவர்கள் அமெரிக்காவில் ஐடஹோவுக்குப் போய் அந்தப் பீவர்களையே கேட்டுக்கொள்ளலாம்.

டெல்மர் ஹாஸ்கெட் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஓடைக்கரையில் நின்றார். வண்டியை விட்டு இறங்கிய அதிகாரி பிரீட்டா லுண்டுக்கு மனசே கேட்கவில்லை. ஆயுசு முழுக்க மாடு மேய்த்த மனுஷன் அழுகையை இப்படி அடக்கிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் கேட்கும்?

"நான் இன்னும் அணையைப் பார்க்கவே இல்லையே மிஸ்டர் ஹாஸ்கெட். அதுக்குள்ள ஏன் இப்படி?" என்றாள்.

டெல்மர் கையை எடுக்காமலே தலையாட்டினார். பக்கத்தில் நின்ற மனைவி லோர்னா வானத்தைப் பார்த்தாள்.

அவர் நிலத்தில் ஓடும் ஓடை, ஜூலை பிறந்தால் வற்றிவிடும். பல்லாலேயே மரத்தை அறுத்து அணை கட்டும் பீவர்கள் இருந்தவரை அப்படி இல்லை. பாட்டன் காலத்தில் தொப்பிக்குத் தோல் வேண்டுமென்று எல்லாவற்றையும் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

இப்போது அரசாங்கம், ஓடை உள்ள நிலக்காரர்களுக்கு உதவி தருகிறது. கம்பு நட்டு, வில்லோ மரக் கிளைகளைப் பின்னி, பீவர் கட்டியது போலவே ஓர் அணை கட்டிக் காட்ட வேண்டும். தண்ணீர் நிற்கும், புல் வரும், தவளையும் கொக்கும் வரும், என்றைக்காவது பீவரும் வரும். அணை தேறினால் ஓடை நெடுகக் கட்ட உதவி கிடைக்கும். இரண்டாம் தடவையும் தேறாவிட்டால் அவ்வளவுதான். தண்ணீர் இல்லாத மந்தை ஏலத்துக்குத்தான் போகும். டெல்மருக்கு மாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது.

முதல் தடவை அவர் நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துக் கட்டியிருந்தார். பிரீட்டா பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள்.

"பீவர் கட்டினா கோணல்மாணலா இருக்கும். அங்கங்க கசியும், மீன் நுழையும். இது பேங்க் சுவர் மாதிரி இருக்கே."

டெல்மர் எல்லாம் செய்து பார்த்தார். பிறந்ததிலிருந்து நேராக வேலி போட்ட கைக்குக் கோணல் வரமாட்டேன் என்றது. இடது கையால் பின்னினார். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னினார். ஒரு பாட்டில் விஸ்கியைக் குடித்துவிட்டுப் பின்னினார். அன்றைக்குப் பின்னிய பக்கம்தான் எல்லாவற்றிலும் நேராக அமைந்தது. தீவனக் கடையில் அவருக்கு 'ரசமட்டம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு மட்டும்தான் நீ கோணலா நின்னே. அந்தக் கோணல் இப்ப எங்க போச்சு?" என்றாள் லோர்னா.

போன வாரம் ஒரு சாயங்காலம், இனி தன்னால் ஆகாது என்று டெல்மர் கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது நடந்தது. மேட்டிலிருந்து ஒரு பீவர்த் தம்பதி இறங்கி வந்தது. புருஷன் பீவர் ஒரு கண்ணை மூடி, அணையின் நீளத்துக்கு மறு கண்ணை ஓட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. பெண்டாட்டியிடம் ஏதோ சொன்னது. பிறகு இரண்டும் மேலே ஏறி, ஒரு குச்சி விடாமல் முனைகளைக் கடித்துக் குதறிவிட்டுப் போயின.

இதை டெல்மர் தன் கண்ணாலேயே பார்த்தார். லோர்னா அந்த நேரம் அடுப்படியில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மசித்த கிழங்கும் சூப்பும்தான். மந்தையே போகப்போகிற வீட்டில் யாருக்குக் கறி இறங்கும்?

பிரீட்டா இப்போது அணையைப் பார்த்தாள். அது நேராகத்தான் இருந்தது. அவள் முகம் வாடுவதைக் கண்ட டெல்மர், சும்மா இருந்த கையால் குச்சிகளின் முனைகளைக் காட்டினார்.

அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குனிந்தாள். விரலால் தடவினாள்.

"பல்லுத் தடம்," என்றாள் மெதுவாக.

"பீவர்," என்றார் டெல்மர், உள்ளங்கைக்குள்ளிருந்து. "புருஷன் பொண்டாட்டியா வந்துச்சுங்க, மேடம்."

பிரீட்டாவின் முகம் மலர்ந்தது. அணை நேரோ கோணலோ, பீவரே வந்து கைவைத்த பிறகு குறை சொல்லத் தான் யார் என்றாள். இந்தப் பள்ளத்தாக்கில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை, மேலிடத்தில் துள்ளிக் குதிப்பார்கள் என்றாள். டெல்மரின் கண் நிஜமாகவே கலங்கிவிட்டது. லோர்னாகூட வானத்திலிருந்து பார்வையை இறக்கினாள். எதிர்க்கரையில் ஒரு கிடேரி தேங்கிய தண்ணீரில் வாய் வைத்தது.

"ஒரு குச்சியை மட்டும் ஆபீஸ்ல காட்ட எடுத்துக்கறேன்," என்று பிரீட்டா, ஆழமாகக் கடிபட்டிருந்த ஒன்றைப் பிடித்து இழுத்தாள்.

டெல்மர் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதன் முனையைக் கவ்வியபடி கூடவே இன்னொன்றும் வந்தது: ரோஸ் நிற ஈறு, அதில் வெள்ளை வெளேரென்று முழு மேல்வரிசைப் பல்.

டெல்மர் வாயிலிருந்து கையை எடுத்தார்.

லோர்னா அதை வாங்கி, ஓடைத் தண்ணீரில் அலசி, ஏப்ரனில் துடைத்தாள்.

"ராத்திரிக்குக் கறி சமைக்கலாம்."