வள்ளிக்கண்ணுவின் ரத்தச் சோதனை

நான் சொல்லி வந்த பதிலை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வள்ளிக்கண்ணுவுக்கு இதயத்தில் உலோக வால்வு. அதில் ரத்தம் உறைந்துவிடாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர் நான். மாதாமாதம் துவாக்குடியிலிருந்து புருஷன் கருணாகரனோடு திருச்சிக்கு பஸ் ஏறி வருவாள். ஒவ்வொரு முறையும் கையில் புதிதாக ஒரு நீலக் கன்றல் இருக்கும்.

"லேசா இடிச்சுக்கிட்டாலே கன்றிப் போயிடுது டாக்டர்," என்பான் கருணாகரன்.

"இந்த மாத்திரைக்கு அப்படித்தான் ஆகும்," என்பேன். ஆடிச் சீரோடு வந்து, மகளுடன் ஆஸ்பத்திரிக்கும் வந்திருந்த அவள் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன்.

இந்த மாதம் கன்றல் கண்ணுக்குக் கீழே இருந்தது. சோதனைச் சீட்டைப் பார்த்ததும் கருணாகரனை வெளியே உட்காரச் சொன்னேன்.

"மாத்திரையே போடலையாம்மா? மருந்து ரத்தத்துல துளிகூட வேலை செய்யலை. வால்வு அடைச்சா உயிரே போயிடும்."

"தெரியும் டாக்டர். பதினஞ்சு நாளா போடலை."

"ஏம்மா?"

அவள் கன்றலைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்த அடிக்கும் மாத்திரைதான் காரணம்னு எங்கம்மாகிட்ட சொல்ல மாட்டீங்கல்ல?"