கார்ப்பெட்டின் மூலை

கும்மிடிப்பூண்டி வீட்டில் ஞாயிறு சாயங்காலமானால் நாய் சீசர் கார்ப்பெட்டின் அதே மூலையில் காலைத் தூக்கிவிடும். ஷைனி வினிகர் ஊற்றினாள், ஆப்ப சோடா தூவித் தேய்த்தாள். வாசனை போனது, வழக்கம் போகவில்லை.

"பேசாம நாயை எங்கியாவது வுட்டுடலாமா?" என்றான் கணவன் எட்வர்ட்.

"வேணாம். இது ஏன் இப்படிப் பண்ணுதுன்னு கண்டுபுடிக்காம நான் வுட மாட்டேன்."

மறுநாள் கால்நடை டாக்டரிடம் போய்க் கேட்டாள்.

"வேற நாயோட வாசனை பட்டா, இது என் இடம்னு காட்ட இப்படிப் பண்ணும்மா. அந்த மூலையில என்ன வைக்கிறீங்க?"

"எங்க ஊட்டுக்காரரு பையை வைப்பாரு."

வீட்டுக்கு வந்து பையைப் பார்த்தாள். சீசர் கறுப்பு. பையெல்லாம் வெள்ளை முடி ஒட்டியிருந்தது.

எட்வர்ட் வந்ததும் பையை நீட்டினாள். "ஞாயித்துக்கிழமை தேர்வாய் கண்டிகை கம்பெனிக்கு ஓவர்டைம்னு சொல்லிக்கினு எங்க போறீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எளாவூருக்கு. அம்மாவப் பாக்க. சொன்னா நீ சண்டைக்கு வருவேன்னுதான்..."

மாமியார் முத்தம்மாவோடு ஷைனிக்கு நாலு வருஷமாகப் பேச்சில்லை.

"ஒத்தையிலயா கீறாங்க?"

"ஒரு வெள்ளை நாயி வளக்கறாங்க. அது மட்டும்தான் தொணை."

ஷைனி கார்ப்பெட்டைச் சுருட்டி வாசலுக்கு வெளியே வைத்தாள்.

"நாளைக்கு லீவு போடுங்க. ரெண்டு பேரும் போய் உங்க அம்மாவக் கூட்டினு வந்துடலாம். ரெண்டு நாயி இருக்கற ஊட்டுக்குக் கார்ப்பெட்டு தாங்காது."