கடைசி பிரிகேடியர்

நெடுஞ்செழியன் பாட்டிலின் மூடியைத் திருகியபோது எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

சென்னையிலிருந்து காரில் வந்திருந்தார். கம்பெனிகள் நிறுத்திவிட்ட பழைய சென்ட்டுகளைத் தேடிப் பிடித்து, முகர்ந்து பார்த்து, யூடியூபில் கருத்துச் சொல்கிறவர். எது அசல், எது போலி என்பதில் அவர் சொன்னால் சொன்னதுதானாம். மேசைமேல் போனை நிற்கவைத்து வீடியோவும் ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டில் எங்கள் வீட்டுக்காரருடையது. பிரிகேடியர் என்று ஆம்பிளைகள் போடும் சென்ட். பச்சைக் கண்ணாடி, அதில் முறுக்கு மீசைக்காரன் படம். அதை நிறுத்திப் பதினொரு வருடம் ஆகிறது.

பிரிகேடியர் இனி எங்கும் கிடைக்காது என்று நெடுஞ்செழியன் ஒரு வீடியோவில் சொல்லப்போக, "எங்க ஊட்ல இருக்குது, வந்து பாருங்க" என்று இவரே போன் போட்டு வரவழைத்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

எங்கள் ஆரணியில் பிரிகேடியர் என்றால் பட்டுக்கடை சந்திரமோகன், அதாவது இவர்தான். ஆள் தெருமுனை திரும்புவதற்குள் வாசனை கடைக்கு வந்துவிடும். அதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. புதுச் செருப்பு வாசனை என்பார் சலூன் தனசேகரன். மழை பெய்த வயல் என்பார் ரைஸ்மில் முருகேசன். "இன்னா பேஜார் சென்ட்டுப்பா" என்று பரசுராமன் அண்ணன் பஸ்ஸில் மூக்கைப் பொத்துவார். பொத்திக்கொண்டே இவர் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார்.

இவர் எதையும் காதில் வாங்க மாட்டார். இப்போது வருவதெல்லாம் சென்ட்டே இல்லை, சர்பத்து என்பார். நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் வேலூருக்குப் போய் ஆறு பாட்டில் வாங்கிவந்தார். அந்த ஆறை வைத்துத்தான் இத்தனை வருடம் ஓட்டுகிறார் என்று ஊர் நம்புகிறது.

ஆறும் மூன்றே வருடத்தில் தீர்ந்தது எனக்குத்தான் தெரியும்.

நான் சாயப் பட்டறையில் நிறம் பிடிக்கிறவள். பழைய புடவையின் ஒரு நூலைக் கொண்டுவந்து, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். எந்தச் சாயம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன். போளூர்க்காரரானாலும் வந்தவாசிக்காரரானாலும் கேட்பது இந்தத் திலகவதியைத்தான். நான் பிடித்த நிறத்தைச் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர் இதுவரை கிடையாது.

கடைசி பாட்டிலில் ஒரு விரற்கடை மிஞ்சியபோது இவர் சென்ட் போடுவதையே விட்டுவிட்டார். காலையில் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுத் திரும்ப மூடிவைப்பார். முகம் செத்துப்போயிருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. சாம்பிள்தான் கையில் இருக்கிறதே, பிறகென்ன என்று தோன்றியது.

அத்தர் கடை பாயிடம் வெட்டிவேர், சந்தனம், லவங்கம், இன்னும் நாலைந்து எண்ணெய் வாங்கினேன். நிறத்தை ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. காய்ந்த பிறகுதான் குணம் தெரியும். வாசனையும் அப்படித்தான். கழிவுப் பட்டுநூலில் தொட்டு நிழலில் காயவைத்து, அசலில் தோய்த்த நூலோடு மாற்றி மாற்றி முகர்ந்தேன். பதினேழாவது தடவை எது எது என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

அதன் பிறகு இவர் குளிக்கப் போகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டிலில் ஊற்றிவைப்பேன். இவர் மறுபடி போட ஆரம்பித்தார். ஏன் தீரவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆம்பிளைகளுக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது இந்த மனிதர் போலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரே போனில் பார்த்துச் சிரிக்கும். ஊர் கிடக்கட்டும். இவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

அவ்வளவு பயத்திலும், நான் பிடித்தது சரிதானா என்று தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது. வெட்கம்கெட்ட ஆசை.

நெடுஞ்செழியன் காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டார். முகர்ந்தார். காயட்டும் என்று கால்மணி நேரம் காத்திருந்தார். தொழில் தெரிந்த ஆள்தான்.

மறுபடி முகர்ந்து, கண்ணை மூடித் திறந்தார்.

"ஒரிஜினல்தான் சார். அதுவும் ஆரம்பத்துல வந்த சரக்கு. கடைசில வந்ததெல்லாம் இதுகிட்ட நிக்காது."

விலைக்குக் கேட்டார். கெஞ்சிக்கூடக் கேட்டார். இவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினார்.

நான் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டேன். யாரிடமாவது சொன்னால்தான் ஆறும் போலிருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. பால் பாத்திரத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன். சென்னையிலிருந்து வந்த மூக்கையே ஜெயித்துவிட்டேன்.

கார் கிளம்பிய சத்தம் கேட்டது. இவர் காலரில் இரண்டு சொட்டு தடவிக்கொண்டே உள்ளே வந்தார்.

"அந்த ஆளுக்கு மூக்கே இல்ல திலகா. ஒரிஜினல் என்னைக்கு இவ்ளோ நல்லா இருந்துச்சு?"

நான் திரும்பவில்லை. கை கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டது.

"ஆனா இந்த வாட்டி லவங்கம் ஒரு சொட்டு தூக்கல்."

உண்மைதான். போன மாதம் கலக்கும்போது ஒரு சொட்டு கூடுதலாக விழுந்துவிட்டது. என் புருஷனுக்கு எப்பேர்ப்பட்ட மூக்கு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.