கிடா மருந்து

சைவ வீட்டின் புறவாசலில் பச்சை மாமிச வாடை அடித்தது. உலகம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தாள். நெல் வியாபாரியான அவள் புருஷன் காந்திமதிநாதன், மருந்தரைக்கும் கல்வத்தில் கிடாவின் விதைக்கொட்டையைப் போட்டு அரைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன காரியம் செய்யுதிய? நம்ம வீட்டுல போயி இத..."

"வாய் வழியாவா போவுது? ஊசி வழியாத்தானட்டி போவுது. இத்தன நாளா போட்டதும் இதுதான" என்றார் அவர்.

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. போன வருஷம் விஷக் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், கம்பை ஊன்றிப் புறவாசல் வரைக்கும் போகவே திணறினார். கிடாவின் விதைச்சாற்றை ஊசியில் ஏற்றினால் போன தெம்பு திரும்பும் என்று சீமையில் ஒரு டாக்டர் கண்டுபிடித்திருப்பதாகக் கலெக்டர் கச்சேரிக் குமாஸ்தா ஒருவர் சொல்ல, அதையே பிடித்துக்கொண்டார். பாளையங்கோட்டைக் கம்பவுண்டர் அப்பாத்துரை முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். இவர் ஆள் மேல் ஆள் அனுப்பவே, கடைசியில் சம்மதித்தார்.

சனிக்கிழமைதோறும் கசாப்புக்கடை ஹாஜா சாமானைக் கம்பவுண்டர் வீட்டில் கொடுத்துவிடுவார். கம்பவுண்டர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாழிகை உள்ளே இருந்துவிட்டு, மருந்தைக் கொண்டுவந்து தொடையில் போடுவார். மூன்றே மாதத்தில் இவர் கம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தச்சநல்லூர் வீட்டிலிருந்து ஆற்றுக்கு நடந்தே போய்க் குளித்துவிட்டு வந்தார். அதைக் கண்ணால் பார்த்த பிறகு உலகம்மாள் எந்த வாயால் வேண்டாம் என்பாள்?

இப்போது கம்பவுண்டர், மகள் பிரசவத்துக்காக அம்பாசமுத்திரம் போய் மூன்று வாரமாகிறது. கால் தளர்கிறது, கண் இருட்டுகிறது என்று இவர் புலம்ப ஆரம்பித்தார். மதராசிலிருந்து தபாலில் ஒரு ஊசியும் வரவழைத்துவிட்டார்.

"கம்பவுண்டரு வரட்டுமே. நாலு நாள் பொறுத்தா என்ன?"

"அவரு வாரதுக்குள்ள நான் மறுபடி படுத்துருவேன். அந்தத் துணிய இங்கன பிடி. பையப் பையப் பிழி."

கம்பவுண்டர் கொண்டுவரும் மருந்து கண்ணாடிக் குழலில் தெளிந்து நிற்கும். இது எத்தனை தரம் வடித்தும் செம்மண் தண்ணீர் மாதிரியே இருந்தது. கைப்பழக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் இன்னொரு தரம் பிழிந்தாள்.

அவர் அதை ஊசியில் ஏற்றித் தானே தொடையில் குத்திக்கொண்டார். மறுநாள் தொடை சிவந்தது. மூன்றாம் நாள் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட, வேட்டி பட்டாலே அலறினார். காய்ச்சல் அனலாகக் கொதித்தது. அம்பாசமுத்திரத்துக்கு ஆள் போய், கம்பவுண்டர் ரயிலில் வந்து சேர்ந்தபோது வீக்கம் கறுத்திருந்தது.

அவர் வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு உடனே வண்டி கட்டச் சொன்னார். வில்வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் கீறிச் சீழை எடுத்தார். பிறகு, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, இனி தன்னால் ஆவதற்கு ஒன்றுமில்லை என்றார்.

இரண்டு நாள் உலகம்மாள் கட்டிலருகே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். அதைத் தவிர அவள் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. "யாரு, யாரு" என்று அவளைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் அதுவும் நின்றது, மூச்சும் நின்றது.

வராந்தாவில் கம்பவுண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உலகம்மாள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு வருஷமா உங்க கையால போட்டிய. ஒரு கொப்புளம் வந்துச்சா? நாங்க அரைச்சதுல தப்பா, வடிச்சதுல தப்பா? எதுல கொறவச்சோம்னு மட்டும் சொல்லிருங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"சொல்லுங்கய்யா. பிழிஞ்சவ நான். எனக்குத் தெரியணும்."

"நீங்க ஒண்ணும் கொறவைக்கல, ஆச்சி" என்றார் அவர். "அத மனுஷ ஒடம்புல ஏத்த எனக்குப் பயம். மாட்டேன்னாலும் அண்ணாச்சி விடல. அதான்..."

"அதான்?"

"நான் போட்டதெல்லாம் காய்ச்சி ஆறவச்ச தண்ணி, ஆச்சி."