மேசையில் இருந்த பள்ளம்

எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. என் வீட்டுக்காரரின் முதல் மனைவி ருக்குமணி அங்கேதான் முழங்கையை ஊன்றி, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். அவள் செத்து நான்கு வருடம். அதில் இரண்டு வருடமாக அந்தப் பள்ளத்தைத் துடைத்துவந்தது நான்.

தொண்ணூற்றாறு சித்திரையில், அவர் வெளியூர் போயிருந்தபோது, கோயமுத்தூரிலிருந்து ரிஃபத்தை வரவழைத்தேன். பம்ப்செட் கம்பெனிகளுக்கு மர அச்சு செய்கிறவர். ரெசின் பசையையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து பள்ளத்தை நிரப்பி, மேசை முழுக்க ஒரே மட்டமாக இழுத்துவிட்டார். கலக்கிய டப்பாவைத் தொட்டேன், சுட்டது.

“இறுகறப்பச் சூடாகுமுங்க அம்மணி. நாளைக்கு ஆறிப்போயிருமுங்க.”

மறுநாள் மேசை கண்ணாடிபோல இருந்தது. பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. ஊரிலிருந்து திரும்பிய வீட்டுக்காரர் வழக்கம்போல உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு அன்று நல்ல தூக்கம்.

இப்போது மார்கழி. காலையில் மேசை முழுக்கச் சில்லென்று கிடக்கிறது. அந்த ஓர் இடம் மட்டும், யாரோ இப்போதுதான் முழங்கையை எடுத்ததுபோல, வெதுவெதுப்பாக இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் அங்கேதான் முதலில் காய்கிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்துக்குக் கிளம்புமுன் அவர் தினமும் அங்கே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“ஏனுங்க, குளிருதுங்களா?” என்று இன்று கேட்டேன்.

“இப்பக் குளிரலை அம்மணி,” என்றார், கையை எடுக்காமல்.