கோல் தொடும் ஆழம்

"இங்கிலாந்துல படிக்கிற உம் பையன் லீவு நாள்ல பன்ட்டிங் போறானாம்க்கா. அவன் ஃபிரண்டு சொன்னான்," என்றான் கண்மணியின் தம்பி வேந்தன். "குதிரை ரேஸ்ல பந்தயம் கட்டறாங்களே, அதான்."

"பந்தை உதைக்கிறதும் பன்ட்டிங்தான்," என்றான் பக்கத்து வீட்டு சுனில். "எங்க ஆபீஸ்ல வேலையத் தள்ளிப் போடறதுக்கும் அதையே சொல்றாங்க."

கண்மணிக்குத் தலை சுற்றியது. வீடியோ காலில் மகனைப் பிடித்தாள்.

"சஞ்சய், புத்தர் கோயில்ல பஞ்சசீலம் சொல்லி வளர்ந்தவன் நீ. பொய் சொல்லாத. பன்ட்டிங்னு இன்னா பண்ற அங்க?"

"உங்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சும்மா. நீளக் கோலால தள்ளுற படகு. டூரிஸ்டுங்கள ஆத்துல கூட்டிக்கினு போறேன்."

"ச்சே, படகுதானா!" வேந்தன் சிரித்தான்.

"ரேஸாவே இருந்திருக்கக் கூடாதாடா?" என்றாள் கண்மணி.

வேந்தனின் சிரிப்பு நின்றது. மாரிகுப்பத்தில், கைவிடப்பட்ட தங்கச் சுரங்க ஷாஃப்டில் தேங்கிய தண்ணீருக்குள் விழுந்த அவள் கணவனின் உடல் கிடைக்கவே இல்லை.

"கோலு அடியில தரையத் தொடுதா?"

"எங்க ஊனினாலும் தொடுதும்மா."

கண்மணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"தொடாத எடத்துக்கு மட்டும் போயிடாத, கண்ணு."